தொலைக்காட்சியின் துலக்கமும் அதனை வாங்கினோரும்

உயர்துலக்கத் தொலைக்காட்சி என்னுந் தொடர் அண்மைக் காலத்திலே தோன்றியதெனப் பலரும் கருதுவர். அஃது உண்மையன்று. 1935 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, செல்சுடன் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு பிரித்தானிய அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையில், இனி நாட்டிலே நடைபெறவேண்டிய தொலைக்காட்சிச் சேவை உயர்துலக்கம் உடையதாதல் வேண்டும் என்று விதந்துரைத்தது. அவ்வாறு உரைத்ததோடமையாது, உயர்துலக்கம் யாதென்பதற்கு ஓர் அளவையும் வகுத்தது. படமொன்று 240 கோடுகளுக்குக் குறையாது அமைதல் வேண்டும். செக்கனுக்கு 25 படங்களுக்குக் குறையாது தோன்றுதல் வேண்டும் என்பதே அவ்வளவு. சோன் லோகி பெயாட் என்பார் அக்காலத்து நடத்திவந்த ஒளிபரப்பிலே படம் 30 கோடுகளால் ஆயது, உள்ளங்கையளவினது, ஒரு முகத்தை இன்னார் முகமென அறிவதற்கே கண் வருந்த வேண்டியிருந்தது. அதனோடு ஒப்பிடுங்கால் 240 கோடுகள் உயர்ந்தனவே. இன்று அதே பெயரைத் தாங்கி விற்பனையாகும் பெட்டியிலே 1080 கோடுகள் உள. அதனினும் உயர்ந்தவற்றில் 2160, 4320 என அவை பெருகியுள்ளன. சொல் மாறவில்லை, அளவு மாறிக்கொண்டே வந்துள்ளது.

கோடுகள் பெருகிய வரலாற்றைப் பொறியியலாளர் பலர் எழுதியுள்ளனர். அப்பெட்டிகளை வாங்கியோர் வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. துலக்கம் மிகுந்தோறும் மக்கள் அத்துலக்கத்தை விரும்பித்தான் பழைய பெட்டியைக் கழித்துப் புதியதை வாங்கினரா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா. பிரித்தானியா, பிரான்சு, யப்பான் ஆகிய மூன்று நாடுகளின் அனுபவத்தையும் ஒருசேர வைத்து நோக்குமிடத்து, துலக்கமானது தன் பொருட்டாக வீட்டினுள் புகுந்ததில்லை என்பதும், வேறொன்றன் தோளிலேறியே அது வந்துளதென்பதும், அதனைத் தனியே விலைகொடுத்து முதலில் வாங்கினோர் பெரும்பாலும் நட்டமே அடைந்தனர் என்பதும் புலனாகின்றன.

இலண்டன் மாநகரின் வடபால் உள்ள அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பி. பி. சி. நிறுவனம் 1936 நவம்பர் 2 ஆம் நாள் தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. அப்போது இரண்டு முறைகள் போட்டியிட்டன. பெயாட்டின் கம்பனி 240 கோடுகளைக் கையாண்டது. மார்க்கோனி - ஈ. எம். ஐ. கம்பனி 405 கோடுகளைக் கையாண்டது. ஒரு வாரம் ஒன்றும் மறு வாரம் மற்றொன்றுமாக இரண்டும் மாறிமாறி ஒளிபரப்பாயின. பெயாட் முறையிலே நிகழ்ச்சியை முதலிற் படச்சுருளிற் பதிந்து, அதனை ஏறக்குறைய ஒரு நிமிடத்துள் கழுவியெடுத்துப் பின்னரே ஒளிபரப்பினர். கமராவை அசைக்கவும் இயலாதிருந்தது. மற்றைய முறையோ முற்றிலும் இலத்திரன் முறை. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் ஐசாக் சோயன்பேக் என்பார், குழு விதித்த 240 கோடுகளுடன் அமையாது 405 கோடுகளுக்குத் துணிந்தமை பெருஞ் சூதாட்டத்தை ஒத்தது. எனினும் அத்துணிபே வென்றது. 1937 பெப்ரவரியோடு பெயாட் முறை கைவிடப்பட்டது.

405 என்னும் எண் எங்ஙனம் வந்ததென வாசகர் வினவலாம். ஒரு படத்தின் ஒற்றைப்படைக் கோடுகளை முதலிலும் இரட்டைப்படைக் கோடுகளை அடுத்தும் வரைந்து, இரண்டையும் பின்னிக் காட்டுவது அம்முறை. அதற்கு மொத்தக் கோடுகளின் தொகை ஒற்றை எண்ணாதல் வேண்டும். அன்றியும், அக்காலத்து வால்வுச் சுற்றுக்கள் சிறிய எண்களாலேயே நம்பத்தக்கவாறு வகுக்கும் வலியுடையன. மூன்றை நான்கு முறை பெருக்கி ஐந்தாற் பெருக்கினால் 405 வரும். அமெரிக்காவின் 525, ஐரோப்பாவின் 625 ஆகியனவும் இவ்வாறே மூன்று, ஐந்து, ஏழு என்னும் எண்களின் பெருக்கங்களாம். ஒரு தலைமுறையினர் எத்தகைய படத்தைப் பார்ப்பது என்பதைக் கண்ணின் தேவையோடு இத்தகைய எண்கணிதமும் சேர்ந்தே தீர்மானித்தது.

முதற் பெட்டிகளின் விலை ஏறத்தாழ நூறு கினி. ஒரு சிறிய மோட்டார் வண்டியையும் அவ்விலைக்கு அக்காலத்தில் வாங்கலாம். மூன்றாண்டுகளில் விலை பெரிதும் இறங்கியபோதும், 1939 செப்டெம்பர் முதலாந் தேதி யுத்தங் காரணமாகச் சேவை நிறுத்தப்பட்ட வேளையிலே பாவனையிலிருந்தவை ஏறத்தாழ இருபதினாயிரம் பெட்டிகளே.

இவ்விருபதினாயிரம் பெட்டிகளும் பின்னர் வந்த நாற்பதாண்டு வரலாற்றைக் கட்டிவைத்தன எனின் மிகையன்று. யுத்தம் முடியுந் தறுவாயில் ஆங்கி பிரபுவின் குழு, தொலைக்காட்சியை எவ்வாறு மீளத் தொடங்குவதென ஆராய்ந்தது. ஆயிரங் கோடுகளை அணுகும் புதிய முறையொன்றைத் தேடவேண்டும் என்பதை அக்குழு உணர்ந்திருந்தது. ஆயினும் அதற்காகக் காத்திராது, கையிலிருந்த 405 கோட்டு முறையிலேயே சேவையைத் தொடங்குமாறு 1945 இல் அது விதந்துரைத்தது. பழைய பரப்பி நிலையம் இருந்தது. பழைய பெட்டிகளும் இருந்தன. வேலையற்றிருந்த தொழிற்சாலைகளுக்கு விரைவில் வேலை வேண்டியிருந்தது. 1946 யூன் 7 ஆம் நாள் சேவை மீளத் தொடங்கிற்று. அன்று ஓரிரண்டாண்டு காத்திருந்தால் என்ன என்று பிற்காலத்தவர் குறைகூறினர். பின்னர் நிகழ்ந்தவற்றை அறிந்தவராதலின் அவ்வாறு கூறுதல் அவர்க்கு எளிதாயிற்று.

நிற்க. 405 கோடுகள் அக்கால மக்களுக்குப் போதாதனவாயிருந்தனவா? இதனைக் கண்ணின் இயல்பு கொண்டு ஆராயலாம். நல்ல பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதிலொரு பங்கான கோணத்தை எதிர்கொள்ளும் இரு புள்ளிகளையே வேறுவேறாகக் காணவல்லது. 405 கோடுகளுள் திரையிலே தோன்றுவன 377. படத்தின் உயரத்தைப்போல் ஒன்பது மடங்கு தூரத்துக்கு அப்பாலிருந்து நோக்கின் அக்கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். யுத்தத்திற்கு முந்திய நல்லதொரு பெட்டியின் படம் ஏறக்குறைய எட்டங்குல உயரமுடையது. ஆகவே ஆறடிக்கு அப்பால் அமர்ந்திருந்தவர்க்குக் கோடுகள் புலப்பட்டிரா. அவர்க்கு 405 கோடுகளும் ஒன்றே. ஆயிரங் கோடுகளும் ஒன்றே. துலக்கத்தை வேண்டச் செய்வது படத்தின் பருமனேயாம். படம் பெரிதாகும்வரை துலக்கத்துக்கு இடமில்லை.

1953 யூன் 2 ஆம் நாள் எலிசபெத் மகாராணியாரின் முடிசூட்டு விழா நடந்தது. அதனை நேரே ஒளிபரப்பியபோது பிரித்தானியாவிலே இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தனர் எனக் கணக்கிட்டனர். வானொலியிற் கேட்டோர் தொகையை அது விஞ்சிற்று. அவ்வாண்டின் தொடக்கப் பகுதியிலே நாட்டிலிருந்த தொலைக்காட்சி அனுமதிப் பத்திரங்கள் ஏறத்தாழ 21 இலட்சம். ஓராண்டு கழிந்த பின் அவை 32 இலட்சத்தைத் தாண்டின. ஆகவே, ஒரு பெட்டியின் முன் அயலவரும் உறவினருமாகப் பலர் நெருங்கியிருந்து பார்த்தனர் என்பது பெறப்படும். அவர்கள் பார்த்த படம் சிறியது, சாம்பல் நிறத்தது, ஓரங்களில் வளைந்தது. மறுநாளே கடைக்குச் சென்று தவணைமுறையிற் பெட்டி வாங்கத் துணிந்தோர், கோடுகளை எண்ணிப் பார்த்தவரல்லர்.

அதன் பின்னரே பெட்டிகளின் திரை பதினேழு, இருபத்தோர் அங்குலம் என வளர்ந்தது. வளரவே, ஒன்பதடி தூரத்திலிருந்தோர்க்கும் கோடுகள் புலப்படத் தொடங்கின. இவ்விடத்திலே, விற்பனையாளர் மனத்தை நன்கு காட்டும் ஒரு செய்தி உளது. 1950களிலே பிரித்தானியப் பெட்டிகள் சிலவற்றில் இலத்திரன் கற்றையை மேலுங் கீழுமாக மிக விரைவாய் நடுங்கச் செய்யும் ஒரு சுற்று அமைக்கப்பட்டது. கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கி, இரு கோடுகளுக்கிடையிலுள்ள கரிய வெளியை மூடுவதே அதன் தொழில். புதிய துலக்கத்தைக் கொடுக்க இயலாதபோது, துலக்கக் குறைவு தோன்றாவண்ணம் படத்தை மழுக்கிக் கொடுத்தனர். மக்களும் அதனை ஒரு சிறப்பாகவே ஏற்றனர்.

இனிப் பிரான்சு தேயத்தின் கதையை நோக்குவாம். 1948 நவம்பர் 20 ஆம் நாள், தகவற்றுறைக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சுவா மித்தரான் கையொப்பமிட்ட ஓர் ஆணையால் அந்நாடு 819 கோட்டு முறையை ஏற்றுக்கொண்டது. என்றி த பிரான்சு என்னும் பொறியியலாளரின் ஆக்கம் அது. அன்று உலகில் நடைமுறையிலிருந்த முறைகளெல்லாவற்றினும் துலக்கம் மிகுந்ததும் அதுவே. அதற்கு முன் ஐபல் கோபுரத்திலிருந்து 441 கோடுகளில் ஒளிபரப்பு நடைபெற்றது. அப்பெட்டிகளை வைத்திருந்தோர் சில ஆயிரவரே. அவர்க்கு 1958 வரையிற் பழைய ஒளிபரப்பும் நடைபெறுமென அரசாங்கம் வாக்களித்திருந்தது. ஆயின் 1956 சனவரியிலே கோபுரத்தில் தீப்பற்றிப் பழைய பரப்பிக் கருவி அழிந்தது. அதனைத் திருத்தியமைப்பதிலும் அப்பெட்டிக்காரர்க்கு நட்டஈடு கொடுத்தல் இலாபகரமானதென அரசாங்கங் கண்டது. முதலில் வாங்கியோரின் இழப்பை அரசு ஏற்றுக்கொண்ட அரிய நிகழ்ச்சிகளுள் இஃதொன்று. தீ விபத்து நேர்ந்தமையாலேயே அது நிகழ்ந்தது என்பதும் நினைக்கத்தக்கது.

819 கோடுகளின் படம் அழகியது, ஐயமில்லை. அதற்குரிய விலையை ஆகாயத்திற் கொடுக்க வேண்டியிருந்தது. துலக்கம் மிகுந்த படம் மீடிறன் வீச்சிலே அகன்ற இடத்தைப் பிடிக்கும். பிரித்தானிய 405 கோட்டு அலைவரிசை பிடித்த இடத்தைப்போல் இரு மடங்கிற்கும் மேலாகப் பிரெஞ்சு அலைவரிசை பிடித்தது. அதனால் இரண்டாவது அலைவரிசை ஒன்றை நாடு முழுவதும் அமைத்தற்குப் பழைய வீச்சிலே இடமில்லாது போயிற்று. பெட்டியின் விலையும் உயர்ந்தது. 1964 இல் இரண்டாவது அலைவரிசை தொடங்கியபோது அதனை உயர்மீடிறன் வீச்சிலே 625 கோடுகளில் அமைத்தனர். 1967 ஒக்டோபரில் வர்ணப்படம் வந்ததும் அவ்வலைவரிசையிலேயாம். அவ்வர்ண முறையை ஆக்கியவரும் முன்கூறிய என்றி த பிரான்சு என்பவரே. 819 கோட்டு ஒளிபரப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து 1983 இல் அந்நாட்டில் அற்றுப்போயிற்று.

பிரெஞ்சு மக்கள் அதிக கோடுகளுள்ள படத்தை விட்டுக் குறைந்த கோடுகளுள்ள படத்துக்கு இறங்கினர் என்பது ஈண்டு கூர்ந்து நோக்கற்பாலது. அவ்விறக்கத்தை எதிர்த்து எழுந்த பேராரவாரம் எதுவும் வரலாற்றிற் காணப்படவில்லை. வர்ணமும் இரண்டாவது நிகழ்ச்சியும் கிடைத்தபோது எழுநூற்றுச் சொச்சம் கோடுகள் ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்தமையை எவரும் இழப்பாகக் கருதிலர். என் கருத்தைத் தாங்கும் சான்றுகளுள் இதனையே தலையாயதாகக் கொள்வேன்.

பிரித்தானியாவிலும் இதே காலத்திலே மாற்றம் நேர்ந்தது. 1962 இல் வெளிவந்த பில்கிங்டன் குழுவின் அறிக்கை, ஐரோப்பாவின் 625 கோட்டு முறைக்கு மாறுமாறு கூறியது. அப்பொழுது அங்கு அனுமதி பெற்ற பெட்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. இருபதினாயிரம் பேரை மாற்றத் தயங்கிய நாடு, ஒரு கோடிப் பேரை எவ்வாறு மாற்றும்? பழையதை நிறுத்தாது புதியதை அதன் பக்கத்திலே தொடங்குவதென முடிவாயிற்று. பி. பி. சி.யின் இரண்டாவது அலைவரிசை 1964 ஏப்பிரல் 20 ஆம் நாள் 625 கோடுகளிலே தொடங்கவிருந்தது. அன்று மாலை பற்றசி மின் நிலையத்தில் நேர்ந்த தீயால் மேற்கு இலண்டன் இருளில் மூழ்க, தொடக்க விழா மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று.

இப்புதிய அலைவரிசையைக் காணப் புதிய ஏரியல் வேண்டும். இரு முறைக்கும் இயையும் புதிய பெட்டியும் வேண்டும். அப்பெட்டியினுள் 405 இலிருந்து 625 க்கு மாற்றும் நீண்ட சறுக்கு ஆளி ஒன்றிருந்தது. பழுதுபார்ப்போர்க்கு வருவாய் தந்த உறுப்புக்களுள் அதுவும் ஒன்று. இவ்வளவு தொல்லைக்கும் செலவுக்கும் ஈடாகக் கிடைத்தது சற்றுத் தெளிவான சாம்பல் நிறப் படமும், பெரும்பாலார் விரும்பாத கனதியான நிகழ்ச்சிகளுமே. ஆதலின் மக்கள் அவசரப்பட்டிலர். 1967 யூலை முதலாந் தேதி விம்பிள்டன் ரெனிஸ் போட்டியுடன் அவ்வலைவரிசையிலே வர்ணம் தோன்றியது. 1969 நவம்பர் 15 ஆம் நாள் பி. பி. சி.யின் முதலாவது அலைவரிசையும் ஐ. ரி. வி.யும் 625 கோடுகளிலே வர்ணத்தில் வரத் தொடங்கின. யாவரும் பார்க்கும் நிகழ்ச்சிகள் வர்ணத்தில் வந்த பின்னரே புதிய பெட்டிகள் வீடுதோறும் புகுந்தன. 625 கோடுகள் வர்ணத்தோடு உடன்வந்த பொருளாயின.

அந்நாட்டு மக்கள் கையாண்ட ஓர் உபாயத்தையும் இங்குக் குறித்தல் வேண்டும். அவர்களிற் பெரும்பகுதியினர் வர்ணப் பெட்டியை விலைக்கு வாங்காது வாடகைக்கு எடுத்தனர். 1930 இல் வானொலிப் பெட்டிகளை வாடகைக்கு விடத் தொடங்கிய ரேடியோ ரென்றல்சு போன்ற கம்பனிகள் 1970களில் நகரின் ஒவ்வொரு கடைவீதியிலும் இருந்தன. கிழமைதோறும் ஒரு சிறு தொகை. பெட்டி பழுதாயின் திருத்துவது கம்பனியின் பொறுப்பு. முறை மாறினால் நட்டமும் கம்பனியினதே. பெட்டியின் முறை அடிக்கடி மாறுமென்பதையும், மாற்றத்தின் சுமை முதலில் வாங்கியவன் தலையிலேயே விழுமென்பதையும் இருபதாண்டுக் காலத்திற் கற்றறிந்த மக்கள் கண்ட தற்காப்பு இது. பொருளியல் நூல்கள் இதனை வட்டி, தவணை என்பன பற்றிய செய்தியாகவே கூறிச்செல்லும். நான் இதனை அவர்தம் விவேகத்தின் சின்னமாகவே கொள்கின்றேன்.

405 கோட்டு ஒளிபரப்பு 1985 சனவரி வரை ஓய்ந்திலது. புதிய முறை தொடங்கிய பின் ஏறக்குறைய இருபத்தொரு ஆண்டுகள் இரண்டும் ஒருங்கே நடைபெற்றன. ஒருவரையும் வற்புறுத்தி மாற்றாத அப்பொறுமைக்குப் பெரும் பணமும், ஆகாயத்தில் அரிய இடமும் செலவாயின. பின்வந்த அரசாங்கங்கள் அத்துணைப் பொறுமை காட்டவில்லை.

இதற்கிடையிலே வீட்டுப் பொழுதுபோக்கில் வேறொரு புரட்சி நிகழ்ந்தது. 1975 இல் சோனி கம்பனி பீற்றாமாக்சு என்னும் வீடியோ நாடாவையும், 1976 இல் ஜே. வி. சி. கம்பனி வீ. எச். எஸ். என்னும் நாடாவையும் யப்பானிலே விற்பனைக்கு விட்டன. முன்னையது படத்தெளிவில் உயர்ந்தது என்பர். பின்னையது ஒரே நாடாவில் நீண்ட நேரம் பதியவல்லது. மக்கள் நீண்ட நேரத்தையே தெரிந்துகொண்டனர். 1988 இல் சோனி கம்பனி தானே வீ. எச். எஸ். கருவி செய்ய இறங்கியது. இவ்விரண்டின் படமும் ஒளிபரப்பிலே வரும் படத்திலும் மங்கியது. இவற்றினுந் தெளிவான படத்தைத் தந்த ஒளித்தட்டு 1978 இலேயே சந்தைக்கு வந்திருந்தது, ஆனால் அதிற் பதிவு செய்ய முடியாது, விலையும் அதிகம். அது சிலர் வீட்டலங்காரமாகவே நின்றுவிட்டது. விரும்பிய படத்தை விரும்பிய வேளையிற் பார்க்கலாம் என்ற வசதிக்காக, முன்னிருந்த துலக்கத்தையும் கைவிட உலகம் ஆயத்தமாயிருந்தது.

எமது நாட்டு அனுபவமும் இதற்கு மாறானதன்று. இலங்கையிலே 1979 ஏப்பிரலில் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையும், 1982 பெப்ரவரி 15 ஆம் நாள் யப்பானிய அரசாங்கத்தின் நன்கொடையால் அமைந்த ரூபவாகினியும் தொடங்கின. காலந்தாழ்த்தி வந்தமையால் 405 கோட்டுச் சுமையோ கறுப்பு வெள்ளைச் சுமையோ எமக்கிருக்கவில்லை. நன்கொடை தந்த யப்பான் தன்னாட்டில் 525 கோடுகளைக் கையாண்டபோதும் எமக்கு 625 கோட்டு வர்ண முறையே அமைந்தது. அக்காலத்துத் தமிழகத்தின் தென்கரையோரத்தார் உயர்ந்த ஏரியல் நட்டு ரூபவாகினியைப் பார்த்தனர். பின்னர் யாழ்ப்பாணத்தார் ஏரியலை வடக்கே திருப்பித் தமிழ்த் திரைப்பாடல்களுக்காகத் தூரதர்சனைத் தேடினர். கடல் கடந்து வந்த அப்படத்தில் மழை பெய்வது போன்ற புள்ளிகளே பாதி. ஏரியற் கம்பத்தை ஒருவர் வெளியே நின்று திருப்ப, உள்ளிருப்போர் “இப்ப வடிவாய்த் தெரியுது, விடு” என்று கூவிய அக்காட்சியை எம்மவர் பலர் மறந்திரார். அவர்கள் தேடியது தம் மொழியிலே ஒரு பாட்டு.

மீண்டும் யப்பானுக்கு வருவாம். துலக்கத்தைத் துலக்கமாகவே விற்க முனைந்த மாபெரும் முயற்சி அங்கேதான் நிகழ்ந்தது. 1964 இல் தோக்கியோ ஒலிம்பிக் விழா முடிந்தவுடன், என். எச். கே. நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சி எவ்வாறிருத்தல் வேண்டும் என ஆராயத் தொடங்கினர். கண்ணின் இயல்பிலிருந்தே தொடங்கியமை அவர்தம் சிறப்பு. படத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்திலிருந்து அகன்ற திரையை நோக்குபவர்க்குத் தாமும் அவ்விடத்தில் இருப்பதுபோன்ற உணர்வு தோன்றும் எனக் கண்டு, அதற்கேற்ப 1125 கோடுகளை வகுத்தனர். அதனை ஒரு செய்மதி அலைவரிசையுள் அடக்குதற்கு மியூசு என்னும் சுருக்கு முறையையும் ஆக்கினர். அசையாத படத்திலே அம்முறையின் துலக்கம் வியப்புத் தருவது. அசையும் பகுதிகளிலோ தெளிவு குறையும். 1988 இல் சியோல் ஒலிம்பிக் விழாவை யப்பானின் பொது இடங்கள் பலவற்றில் இம்முறையிலே காட்டினர். 1989 இல் நாள்தோறும் ஒரு மணிநேரப் பரீட்சார்த்த ஒளிபரப்புத் தொடங்கியது. 1991 நவம்பர் 25 ஆம் நாள் முதல் அது எட்டு மணிநேரமாயிற்று. பதினோராம் மாதத்து இருபத்தைந்தாம் நாளைத் தெரிந்தது 1125 என்னும் எண்ணின் பொருட்டே.

முதற் பெட்டிகளின் விலை மோட்டார் வண்டியின் விலையை ஒத்தது. 1936 இல் இலண்டனிற் கண்ட அதே ஒப்புமை. விலை பின்னர் இறங்கியும் விற்பனை எதிர்பார்த்தவாறு உயர்ந்திலது. பொது அலைவரிசைகளின் நிகழ்ச்சிகள் வழமைபோற் பழைய பெட்டிகளிலே வந்துகொண்டிருந்தன. ஆயின் அதே ஆண்டுகளில், பழைய 525 கோட்டுப் படத்தையே அகன்ற திரையில் இழுத்துக் காட்டும் மலிவான பெட்டிகள் யப்பானிலே பெருந்தொகையாக விற்பனையாயின. இழுக்கப்பட்ட முகங்கள் சற்றுப் பருத்துத் தோன்றின. அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. துலக்கமும் அகலமும் ஒருங்கே வந்த புதுமையிலிருந்து மக்கள் அகலத்தை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டனர்.

1990 இல் அமெரிக்காவிலே, உயர்துலக்கப் படத்தை இலக்கமுறையிற் சுருக்கிச் சாதாரண அலைவரிசையுள் அடக்கலாம் எனக் காட்டப்பட்டது. ஐரோப்பியர் தமது 1250 கோட்டு முறையை 1993 இற் கைவிட்டனர். 1994 இன் தொடக்கத்தில் யப்பானிய அஞ்சல் தொலைத்தொடர்பு அமைச்சின் உயர் அதிகாரி ஒருவர், மியூசு முறையை மீளாய்வு செய்ய வேண்டும் என வெளிப்படையாகக் கூறினார். பெட்டி செய்வோர் கொதித்தெழுந்தனர். மறுநாளே அவர் தம் கூற்றை மீட்டுக்கொண்டார். அவர் கூறியது மெய்யாதலை 2000 டிசம்பரில் தொடங்கிய இலக்கமுறைச் செய்மதி ஒளிபரப்புக் காட்டிற்று. மியூசு ஒளிபரப்பு 2007 செப்டெம்பரில் ஓய்ந்தது. மோட்டார் வண்டி விலை கொடுத்தோரின் பெட்டிகள் அன்றோடு அம்முறைக்குப் பயனற்றனவாயின. அவர்க்கு ஐபல் கோபுரத் தீயின் நற்பேறு வாய்க்கவில்லை.

பின்னர் உயர்துலக்கம் உலகமெங்கும் பரவியமை எங்ஙனம்? இரு காரணங்கள் தோன்றுகின்றன. முதலாவது பெட்டியின் வடிவம். கண்ணாடிக் குழாய்ப் பெட்டி பெருத்தது, பாரமானது, அறையின் மூலையை அடைப்பது. திரவப் பளிங்குத் திரை மெல்லியது, சுவரில் மாட்டத்தக்கது. 2008 ஆம் ஆண்டளவில் உலகச் சந்தையில் அது குழாயை வென்றது. வாங்கியோர் மெல்லிய பெட்டியை வாங்கினர். உயர்துலக்கம் அதனுள்ளே கூட வந்தது. அத்தகைய பெட்டியிலே பழைய ஒளிபரப்பையே பார்த்துக்கொண்டு, தாம் உயர்துலக்கத்தைப் பார்ப்பதாக எண்ணியிருந்தோர் பல நாடுகளிலும் இருந்தனர்.

மற்றையது அரசாணை. ஐக்கிய அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 யூன் 12 ஆம் நாளோடு பழைய ஒளிபரப்பை நிறுத்தின. பழைய பெட்டியை வைத்திருந்தோர்க்கு மாற்றுக் கருவி வாங்குதற்கென நாற்பது டொலர் பெறுமதியான சீட்டு, வீட்டுக்கு இரண்டு வீதம் வழங்கப்பட்டது. அக்கருவி புதிய ஒளிபரப்பைப் பழைய துலக்கத்துக்கு இறக்கித் தருவதென்பதை நினைக்குக. யப்பானில் 2011 யூலை 24 ஆம் நாள் முடிவு நாளாயிற்று. நிலநடுக்கமும் கடற்கோளும் தாக்கிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச்சு வரை தவணை கிடைத்தது. புதிய பெட்டி வாங்குவோர்க்கு அரசாங்கம் சலுகைப் புள்ளிகளும் வழங்கியது. 2010 இல் அந்நாட்டில் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பெட்டிகள் விற்பனைக்குச் சென்றன. 2012 இல் அத்தொகை 65 இலட்சத்தையும் எட்டவில்லை. இருபதாண்டு விளம்பரம் செய்யாததை ஒரு தேதி செய்தது. அத்தேதி கழிந்ததும் பெட்டி செய்த பெருங் கம்பனிகள் நட்டத்தில் ஆழ்ந்தன.

2010 இல் ஆரவாரத்தோடு வந்த முப்பரிமாணப் பெட்டி 2017 இல் உற்பத்தியின்றி மறைந்தமை யாவரும் அறிந்ததே. அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2018 டிசம்பர் முதலாந் தேதி என். எச். கே. நிறுவனம் 4320 கோடுகளில் ஒளிபரப்பைத் தொடங்கியது. முன்னர் 405 கோடுகளுக்குச் செய்த கணக்கையே இவற்றுக்குஞ் செய்து பார்க்கலாம். 1080 கோடுகளின் பயன் முழுவதையும் எட்டடி தூரத்திலிருந்து பெறுதற்குத் திரை இரண்டரை அடி உயரமுடையதாதல் வேண்டும். அத்தகைய பெட்டி இன்று அரிதன்று. 2160 கோடுகளுக்கு ஐந்தடி உயரம் வேண்டும். 4320 கோடுகளுக்குத் திரையின் உயரம் பத்தடி. அதன் அகலமோ பதினேழடிக்கு மேல். எம்மூரிற் கட்டப்படும் வீடுகளின் விறாந்தைக் கூரையும் அவ்வளவு உயரத்தில் இல்லை.